செப்டிக் டேங்க்: நம் கணக்கில் ஏறாத ஒரு பொறுப்பு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களும் படிக்கும் வகையில் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை என்று எதைப் பற்றிப் பேசினாலும் நம் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து விடுவார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பைச் செயலாளர் அறிவித்ததும் சபையில் ஒரு சிரிப்பு வந்தது, பிறகு அமைதி வந்தது. அந்தச் சிரிப்புக்கும் அமைதிக்கும் காரணம் ஒன்றுதான். எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் எஞ்சினியர் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் செப்டிக் டேங்க் விஷயத்தில் பாதி கணக்கு விஷயம். எத்தனை பேர், எத்தனை லிட்டர், எத்தனை ஆண்டு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம் வீட்டு நிலைமை நமக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இதை ஏன் இப்போது பேச வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்துக்குப் பிறகு நம் பகுதியின் பின் தெருவில் இரண்டு வீட்டு போர் தண்ணீரில் வாடை வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். யார் வீட்டு டேங்க் காரணம் என்று பேச்சு வளர்ந்து, இருபது வருஷமாக ஒன்றாகப் பொங்கல் வைத்த இரண்டு குடும்பங்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு முந்தைய கோடையில் ஒரு வீட்டில் டேங்க் அடைத்துக்கொண்டது என்று வாளியும் கயிறுமாக இரண்டு பேரை வரவழைத்தார்கள். அவர்கள் மூடியைத் திறந்து இறங்கப் போன நேரத்தில் எதிர்வீட்டு அக்கா பார்த்துச் சத்தம் போட்டுத் தடுத்தார். அவர் அன்று வெளியூர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கலக்கமாக இருக்கிறது. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் முடிவு காண வேண்டிய இடம் இந்தச் சபை.

"எங்க டேங்க் ரொம்பினதே இல்லீங்க"

நம் ஊரில் வீடு கட்டியவர்கள் பெருமையாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "எங்க டேங்க் கட்டிப் பதினைஞ்சு வருஷம் ஆச்சுங்க, ஒரு தடவை கூட வண்டி கூப்பிட்டதில்லை." கேட்கிறவர்களும் நல்ல கட்டுமானம் என்று மெச்சுவார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள. தினமும் தண்ணீரும் மலமும் உள்ளே போகிறது. நீர் ஒரு பக்கம் வழிந்து வெளியேறலாம், சரி. கசடு எங்கே போகிறது? உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைத்தான் கரைக்கும். மீதி அடியில் தங்கிக்கொண்டே வரும். பதினைந்து வருஷம் எடுக்காமல் இருந்தும் பிரச்சினை இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அந்த டேங்குக்கு அடித்தளமே போடாமல் உறையை மட்டும் இறக்கியிருக்கலாம், எல்லாம் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் டேங்க் கசடால் நிறைந்து, உள்ளே போவது அப்படியே அடுத்த பக்கம் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். எந்த வகையாக இருந்தாலும் அதைச் செப்டிக் டேங்க் என்று சொல்ல முடியாது. அது ஒரு ஓட்டைப் பாத்திரம்.

செப்டிக் டேங்க் என்ற ஏற்பாடு பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. அங்கே வெசூல் என்ற ஊரில் லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுநீரை ஒரு மூடிய தொட்டியில் விட்டார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்குக் கசடு இல்லை, பெரும்பகுதி கரைந்து நீராகி இருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் என்ற எஞ்சினியர் இதே வகைத் தொட்டியைக் கட்டி, செப்டிக் டேங்க் என்ற பெயரையும் வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியேறும். இது நடக்க நீர் குறைந்தது ஒரு நாளாவது தொட்டியில் அசையாமல் நிற்க வேண்டும்.

வெளியேறும் நீர் சுத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாக வேலை செய்யும் டேங்க் கூட அழுக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். நோய்க்கிருமிகள் பெரும்பாலும் நீரோடு வெளியே வரும். அதனால்தான் டேங்க்குக்கு அடுத்து உறிஞ்சுகுழி அமைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. டேங்க் பாதி வேலை, உறிஞ்சுகுழி மீதி வேலை. நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. மீதி வேலையை ரோட்டோரச் சாக்கடையின் தலையில் கட்டிவிட்டோம்.

அளவுக் கணக்கு

இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2470 என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. அதன்படி எந்தச் செப்டிக் டேங்கும் 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் குறைந்தது 75 சென்டிமீட்டர், நீர் மட்டத்துக்குக் கீழே ஆழம் குறைந்தது 1 மீட்டர். நீளம் அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு. நீர் மட்டத்துக்கு மேலே ஒரு அடி காலியிடம். 2,000 லிட்டருக்கு மேல் போனால் நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதாக வைத்துக்கொண்டால், 5 பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75, நீரின் ஆழம் 1.05. பெருக்கினால் சுமார் 1,180 லிட்டர். 10 பேருக்கு 2 மீட்டர், 0.9, 1.4. அது 2,520 லிட்டர். 20 பேருக்கு 2.3 மீட்டர், 1.1, 1.8. அது சுமார் 4,550 லிட்டர்.

இனி நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். முன்னால் சொந்த வீடு. பின்னால் ஆறு லைன் வீடு. பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தப்பில்லை, அந்த வாடகையில்தான் நம்மில் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஆனால் டேங்க் எப்போது கட்டியது? முன்வீடு கட்டியபோது, 5 பேர் கணக்கில். இப்போது முன்வீட்டில் 4 பேர், ஒவ்வொரு லைன் வீட்டிலும் 3 பேர் என்றால் மொத்தம் 22 பேர். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும் அதே டேங்கில் போகிறது என்று வையுங்கள். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 2,200 லிட்டர். தொட்டி 1,180 லிட்டர். கசடே இல்லாத புதுத் தொட்டியில் கூடத் தண்ணீர் 13 மணி நேரம்தான் நிற்கும். கசடு பாதி ஏறிவிட்டால் ஆறேழு மணி நேரம். காலையில் எல்லோரும் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரேயடியாக நீர் பாயும்போது அடியில் தங்கியதையும் கலக்கிக்கொண்டு வெளியே தள்ளும். பெயருக்கு டேங்க் இருக்கிறது, நடப்பது நேரடியாகச் சாக்கடையில் விடுவதுதான்.

வங்கியில் கடன் கொடுக்கும்போது வருமானம் மாறினால் தவணையையும் மாற்றிப் பார்ப்போம். வீட்டில் ஆள் எண்ணிக்கை நாலு மடங்கு ஆனபோது டேங்க் கணக்கை நாம் திருத்தவே இல்லை.

இது எங்கே போகிறது

நம் தெருச் சாக்கடை எங்கே முடிகிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். நகரின் ஓடைகள் வழியாக நொய்யலுக்குத்தான் போகிறது. ஜம்மனை ஓடையின் பாலத்தில் நின்றால் மூக்கே சொல்லிவிடும்.

சாயக்கழிவு விஷயத்தில் திருப்பூர் பட்ட பாடு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விவசாயத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாகிப் போனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அப்போது டீக்கடையில் உட்கார்ந்து, "சம்பாதிக்கிறவன் சுத்தம் பண்ணிட்டுத்தானே விடணும்" என்று நாம் பேசினோம். பட்டறைக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அவர்களுக்குச் சொன்ன நியாயம் நம் வீட்டுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? சாயமும் மலமும் ஒன்றல்ல, அளவும் வேறு. ஆனால் தன் கழிவைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முறை ஒன்றுதான்.

அடுத்தது நிலத்தடி நீர். நம்முடையது பாறைப் பூமி. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை, பாறையில் வெடிப்பு. மணலில் இறங்கும் நீர் மெல்ல வடிகட்டப்படும். பாறை வெடிப்பில் புகுந்தால் வடிகட்ட ஒன்றும் இல்லை, எங்கே வெடிப்பு போகிறதோ அங்கே போகும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. இரண்டரை, மூன்று சென்ட் சைட்டில் நாம் போரையும் டேங்கையும் வாசலிலேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் டேங்க் உங்கள் போரிலிருந்து தள்ளி இருந்தாலும், காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு போர் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

பின் தெரு வீடுகளின் சண்டைக்கு என் பதில் இதுதான். யார் வீட்டு டேங்க் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நான்கு வீட்டு டேங்கும் ஒரே வெடிப்பில் இறங்கியிருக்கலாம். குற்றவாளியைத் தேடுவதை விட்டு, நான்கு டேங்கையும் சரி செய்வதுதான் வழி. போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு விஷயம் பாருங்கள். 100 மில்லி தண்ணீரில் இ-கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. வீட்டில் பேரன் பேத்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரும் டேங்கில் இறங்கக் கூடாது.

மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு சேரும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாடை இல்லையே, பயமில்லை என்று இறங்கியவர் சில நொடிகளில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று படிப்பது இதனால்தான். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது தொழிலாளர்கள் இறந்தது நமக்கு எத்தனையோ தூரத்தில் நடந்தது அல்ல, நம் மாவட்டத்தில் நடந்தது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செப்டிக் டேங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. 'யாரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "அவங்களே இறங்கறேன்னு சொன்னாங்க" என்பது பதில் ஆகாது.

சட்டத்தை விடுங்கள். இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறோம், எந்தச் சாதிக்காரரைக் கூப்பிடுகிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுப் பையனை இறக்குவோமா என்று ஒரு நிமிடம் நினைத்தால் போதும். வாசலில் ஒரு உயிர் போன பிறகு அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பிரான்ஸில் என்ன செய்கிறார்கள்

இந்தத் தொட்டி பிறந்த நாட்டிலும் கிராமப்புறத்தில் லட்சக்கணக்கான வீடுகள் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு உள்ளாட்சிக்கும், பாதாள சாக்கடை இல்லாத வீடுகளின் தொட்டிகளைப் பார்வையிட ஒரு பொதுச் சேவை இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. அதிகபட்சம் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆள் வந்து தொட்டியைப் பார்த்துச் சான்று எழுதுவார். ஆரோக்கியத்துக்குக் கேடு என்று எழுதினால் நான்கு ஆண்டுக்குள் சரி செய்ய வேண்டும்.

என்னைக் கவர்ந்தது இன்னொரு விதி. 2011 ஜனவரி 1 முதல் அங்கே அப்படிப்பட்ட வீட்டை விற்க வேண்டுமானால், மூன்றாண்டுக்கு உட்பட்ட தொட்டிச் சோதனை அறிக்கையை விற்பனைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். தொட்டி விதிப்படி இல்லை என்றால் வாங்கியவர் ஒரே ஆண்டுக்குள் சரி செய்ய வேண்டும். செலவைக் கணக்கிட்டு விலையில் பேரம் பேசுவார்கள். இந்த வேலைக்கென்று வங்கிகள் 10,000 யூரோ வரை வட்டியில்லாக் கடனும் கொடுக்கின்றன, வட்டியை அரசு ஏற்கிறது.

இங்கே வீட்டுக் கடனுக்கு வரும் கோப்பில் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, அனுமதி வரைபடம், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் இருக்கும். எத்தனையோ கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். செப்டிக் டேங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தாள் கூடப் பார்த்ததில்லை. சொத்துக் கணக்கில் வீடு ஏறுகிறது, அதற்கு அடியில் இருக்கும் பொறுப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிரான்ஸ் நமக்கு எட்டாத தூரம் என்பவர்களுக்கு மகாராஷ்டிராவைக் காட்டுகிறேன். சதாரா மாவட்டத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் வாய் என்று ஒரு சிறு நகராட்சி. 2018 முதல் அங்கே யாரும் வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை. முறை வைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை வண்டி தானாக ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது, செலவு வரியோடு சேர்ந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கோவையிலேயே பெரியநாயக்கன்பாளையம் பகுதியில் கசடுக்கென்று தனிச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. மதுராந்தகம் அருகே கருங்குழியிலும் இருக்கிறது. செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

பாதாள சாக்கடை வரும்வரை காத்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கான மனுவைச் சங்கம் தொடர்ந்து கொடுக்கட்டும். அது வரும் நாளிலும் இணைப்பு பெற்று, பழைய டேங்கை வண்டி வைத்துக் காலி செய்து, மண் நிரப்பி மூட வேண்டும். அதுவரை நம் கழிவு ஒவ்வொரு நாளும் எங்காவது போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஆறு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு தாளில் டேங்க் எங்கே இருக்கிறது, நீளம் அகலம் ஆழம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது எடுத்தது, நீர் எங்கே போகிறது என்று எழுதிக் கொடுங்கள். இது சங்கத்துக்குள் இருக்கும். யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல, வேலையைத் திட்டமிட மட்டுமே. டேங்க் மேல் டைல்ஸ் ஒட்டி, மூடியே தெரியாமல் செய்தவர்கள் முதல் வேலையாக மூடியைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது, தெருவாரியாக வண்டி. அடைத்துக்கொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை இரவில் அலைவதை விட, ஒரு தெருவுக்கு இரண்டு நாள் என்று வைத்து வரிசையாக எடுத்துவிடலாம். ஒரு லோடுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்கு 83 ரூபாய். கேபிள் டி.வி.க்கு இதைவிட அதிகம் கட்டுகிறோம். உள்ளாட்சியின் உரிமம் பெற்ற வண்டியை மட்டும் அழைக்க வேண்டும். கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். பள்ளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுபவர் குறைந்த விலை சொன்னால், அந்தக் குறைவுக்கு வேறொரு ஊர்க்காரர் விலை கொடுக்கிறார் என்று அர்த்தம். 14420 என்ற உதவி எண்ணிலும் வண்டிக்குப் பதிவு செய்யலாம், ஆளை இறக்குவதைக் கண்டால் புகாரும் சொல்லலாம்.

மூன்றாவது, லைன் வீடு வைத்திருப்பவர்கள் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற டேங்க் கட்டுங்கள். இடம் இல்லாவிட்டால் இரண்டு சிறு மாற்றம் செய்யலாம். குளியல், துவையல் நீரைத் தனிக் குழாயில் பிரித்துத் தனி உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோனால் டேங்கின் பாரம் பெருமளவு குறையும். எடுக்கும் இடைவெளியையும் ஓர் ஆண்டு, ஆறு மாதம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் டேங்க் நிரம்பி வழியும்போது அந்த வாசலில் சமைப்பவர்கள் அவர்கள்தான். வாடகை வாங்குபவருக்கு இது கடமை.

நான்காவது, டேங்க் நீரைச் சாக்கடையில் விடும் குழாய்கள். இடம் உள்ள வீட்டில் உறிஞ்சுகுழி. இடமில்லாத வீடுகள் சேர்ந்து, போர்களிலிருந்து போதிய தூரத்தில் பொதுவாக ஒன்று அமைக்க முடியுமா என்று எஞ்சினியரை அழைத்துப் பார்க்கலாம். பாறை மேலேயே இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி எடுபடாது, அங்கே அவர் சொல்வதுதான் முடிவு.

ஐந்தாவது, சின்னச் சின்ன பராமரிப்பு. காற்றுக் குழாய் கட்டாயம். டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் குழாய் மாடிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும், வாயில் கொசுவலை கட்ட வேண்டும். ஆசிட், பினாயிலைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள், உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். நாப்கின், டயப்பர், பனியன் வேஸ்ட் எதையும் போடாதீர்கள். கசடு எவ்வளவு என்று அறிய, நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்தால் கறை காட்டிவிடும். மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தால் வண்டியை அழைக்க வேண்டிய நேரம். மூடியைத் திறந்து சற்று நேரம் விலகி நில்லுங்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், தீக்குச்சி, பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது, குழந்தைகள் இருக்கவே கூடாது. வண்டிக்காரர் எடுத்த பின் கழுவி விடச் சொல்ல வேண்டாம், அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் அடுத்த சுற்று தொடங்கும்.

ஆறாவது, ஒரு கோப்பு. டேங்கின் அளவு, வரைபடம், வண்டி ரசீதுகள், போர் தண்ணீர்ச் சோதனை முடிவு ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை பிள்ளைகள் வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ நினைத்தால், பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டியிராது.

செலவு குறித்து மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. பென்ஷனில் வாழும் குடும்பத்துக்குப் புது டேங்க் கட்டுவது பெரிய தொகைதான். அதனால் எல்லாவற்றையும் இந்த ஆண்டே செய்யச் சொல்லவில்லை. பதிவேடும் வண்டியும் இந்தக் காலாண்டில் முடியும். குழாய் பிரிப்பது, உறிஞ்சுகுழி ஆகியவை இரண்டு ஆண்டுக்குள். டேங்கையே மாற்ற வேண்டிய வீடுகளுக்குச் சங்கம் மொத்தமாகக் கொத்தனாரிடமும் உறைக்காரரிடமும் விலை பேசலாம். யாரும் இறங்கக் கூடாது என்ற ஒன்று மட்டும் இன்று முதல்.

கூட்டத்தில் இது தீர்மானமாக ஏற்கப்பட்டது. பின் தெருவின் இரண்டு குடும்பங்களும் முதல் நாள் வண்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்து எண்ணில். இன்னும் பேச்சு தொடங்கவில்லை. வண்டி வருகிற அன்று இரண்டு மூடியும் திறந்திருக்கும்போது பேசித்தான் ஆக வேண்டும்.

பதிவேட்டுத் தாள் சங்க அலுவலகத்தில் கிடைக்கும். மாலை 5 மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். அளவெடுக்கத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், டேப்போடு நானே வருகிறேன்.